மூடி போடாத வாளி

வாளிக்குள் கையை விட்டு அவள் பிலிமை அளைந்துகொண்டிருந்தபோது யாரோ குளியலறைக் கதவைத் தட்டினார்கள்.

“அத்தை!”

யாரோ என்ன, அண்ணன் மகன்தான். வீட்டில் வேறு ஆள் கிடையாது. முன்னறைக் கட்டிலில் அண்ணன், அவர் தலைமாட்டில் மகன், இங்கே கும்மிருட்டில் இவள்.

“என்னடா?”

“அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு. விட்டு விட்டு வருது.”

“காலையிலேருந்தே அப்படித்தானே இருக்கு. நர்ஸம்மா சொல்லிட்டுத்தானே போனாங்க? நீ பக்கத்துலயே இரு. இப்பதான் முதல் மருந்துல போட்டிருக்கேன். இப்ப வெளிச்சம் பட்டா அவ்வளவும் பாழ்.”

 அவன் காலடிச் சத்தம் முன்னறைப் பக்கம் போனது.

வெளியே பட்டப்பகல். குளியலறை ஜன்னலில் அட்டை வைத்து ஆணி அடித்திருந்தாள். கதவிடுக்கில் கம்பளியைத் திணித்திருந்தாள். யாராவது பழக்கதோஷத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று பல்பையும் கழற்றிவிட்டாள். இருட்டில் வேலை செய்வது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆஸ்பத்திரி இருட்டறையில் எக்ஸ்ரே பிலிம் கழுவிக் கழுவியே தலை நரைத்தவள். பிலிமின் எந்தப் பக்கம் வழவழப்பு, எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று விரல் நுனியே சொல்லிவிடும். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் வௌவால். அவளுடைய கல்யாணத்தன்று மாப்பிள்ளையிடமே, “பகல்ல ஒண்ணுக்கும் ஆக மாட்டா, விளக்கை அணைச்சீங்கன்னா நல்லா வேலை செய்வா” என்று சொல்லிவிட்டு, கூட்டம் ஏன் அப்படிச் சிரிக்கிறது என்று புரியாமல் விழித்தவர்.

அண்ணனுக்குப் பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை. எந்த பஸ் எப்போது கிளம்பியது என்று பார்த்துப் பார்த்து, உலகத்தையே நிமிஷத்தில் அளக்கிற புத்தி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையானால் அந்தப் புத்தியோடு ஒரு சின்ன கேமராவைத் தூக்கிக்கொள்வார். சாவி கொடுத்தால் அரை நிமிஷம் ஓடும் கேமரா. எட்டு மில்லிமீட்டர் பிலிம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று அகலம், அவ்வளவுதான். வீட்டில் அகப்பட்டவர்களை எல்லாம் வைத்து ஒரு துப்பறியும் கதை எடுத்தார். அண்ணி கதாநாயகி, இவள் திருடி, நாலு வயது மகன் பிணம். பிணம் நடுவில் மூக்கை நோண்டிவிட்டதால் அது சிரிப்புப் படமாகிவிட்டது. அந்த இடத்தை வெட்டி எறிய அண்ணனுக்கு மனசு வரவில்லை.

அந்த பிலிமில் நெகடிவ் என்று ஒன்று கிடையாது. கேமராவுக்குள் எது ஓடியதோ, அதையே கழுவித் திருப்பினால் படமாகிவிடும். அதேதான் பிறகு சுவரிலும் ஓடும். பிரதி இல்லை, மறுபடி எடுக்க வழியில்லை. அதற்கு ஈடாக அது கொடுத்த நிறம் இருக்கிறதே, அதை இவளும் பார்த்திருக்கிறாள். சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. கண்ணால் பார்க்கிற சிவப்பு அதற்குப் பக்கத்தில் நிற்காது.

அந்தச் சிவப்புக்கு ஆசைப்பட்டுத்தான் அன்றைக்கு எல்லாம் கெட்டது. மழை விட்டு வெளிச்சம் வந்த ஒரு காலை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணியிடம் ஒரு சிவப்புக் குடையைக் கொடுத்து, விரித்தபடி படியிறங்கச் சொன்னார் அண்ணன். மேகம் மறைத்துவிட்டது என்று மறுபடி இறங்கச் சொன்னார். குடை முகத்தை மறைக்கிறது என்று இன்னொரு தடவை. அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. “உங்களுக்கு நான் வேணுமா, இந்தக் குடை வேணுமா?” என்று கேட்டுவிட்டு விடுவிடுவென்று நடந்தார். அண்ணன் கேமராவை நிறுத்தவில்லை. கேட்டருகே போன அண்ணி திரும்பிப் பார்த்தார். அந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை பட்டாணி அளவுதான் இருக்கும். திரும்பியது தெரிந்தது, முகம் தெரியவில்லை. அதற்குள் சாவியும் தீர்ந்துவிட்டது. சாயங்காலம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். மத்தியானமே அண்ணி வேலை செய்கிற இடத்தில் மயங்கி விழுந்து, அப்புறம் கண் திறக்கவில்லை.

சுருளில் இன்னும் கொஞ்சம் பிலிம் மிச்சம் இருந்தது. பாதிச் சுருளைக் கழுவ அனுப்புவது அண்ணன் வழக்கத்தில் கிடையாது. மிச்சத்தில் வேறு எதையாவது எடுக்கலாமென்றால் கை வரவில்லை. சுருள் ஒரு டப்பாவுக்குள் போய், டப்பா ஃபிரிட்ஜுக்குள் போனது. அவர் இன்றைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று தயங்கிக்கொண்டிருக்க, அந்த பிலிம் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அடுத்து, அதைக் கழுவுகிற வேலையையும் நிறுத்திவிட்டார்கள். நிறத்தை வரவழைக்கிற மருந்து கம்பெனிக்காரர்களிடம் மட்டுமே இருந்தது. அவர்கள் கடையைக் கட்டிய பிறகு அந்தச் சிவப்பை உலகத்தில் யாராலும் வரவழைக்க முடியாது. பழைய சுருள்களைக் கறுப்பு வெள்ளையாகக் கழுவித் தருகிற ஒருவர் எங்கோ தூரத்தில் இருந்தார். அனுப்பித் திரும்பி வர மாதக்கணக்காகும். அண்ணனிடம் மாதங்கள் இல்லை.

“நான் கழுவித் தர்றேன்ணா, கறுப்பு வெள்ளையா” என்று இவள்தான் சொன்னாள். “குடை சிவப்பா வராது.”

“குடை யாருக்கு வேணும்? அவ மூஞ்சி தெரிஞ்சா போதும். சிரிச்சாளா மொறைச்சாளான்னு பாத்துட்டுப் போயிடறேன்.”

படம் எடுக்காமல் விட்டிருந்த கடைசித் துண்டில் மூன்று முறை சோதனை செய்து பார்த்தாள். மருந்து எத்தனை நேரம், தண்ணீர் எத்தனை நேரம் என்றெல்லாம் பிடிபட்டது. பிலிம் கழுவ அண்ணன் எப்போதோ வாங்கிப் போட்ட தொட்டி உடைந்து கிடந்ததால் ஒரு கறுப்பு வாளியும், அதற்குப் பொருத்தமாக ஒரு கறுப்பு மூடியும் வாங்கினாள். முன்னறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ப்ரொஜெக்டரை வைத்தாயிற்று. எதிர்ச் சுவரில் காலண்டரைக் கழற்றிவிட்டு வெள்ளைப் படுக்கை விரிப்பு மாட்டியாயிற்று. காலையில் வந்த நர்ஸ், “இன்னைக்குப் பொழுதைத் தாண்டறது கஷ்டம்” என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு மேல் காத்திருக்க ஒன்றுமில்லை என்று இவள் குளியலறைக்குள் புகுந்தாள்.

மருந்தில் பிலிம் நெளிந்து நெளிந்து விரல்களில் சுற்றியது. மனதுக்குள் எண்ணிக்கொண்டே அளைந்தாள். இன்னும் கொஞ்ச நேரம்தான்.

“அத்தை! நின்னுடுச்சு! அத்தை, மூச்சு நின்னுடுச்சு, வாங்க!”

அவளுடைய கணவர் போனதும் இப்படித்தான். மாடி வார்டில் அவர், கீழே இருட்டறையில் இவள். யாரோ கதவைத் தட்டினார்கள். ஒரு நிமிஷம் என்றாள். அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது அதையெல்லாம் நினைத்துப் பார்க்கக்கூட நேரமில்லை. உடம்பு தானாக எழுந்தது. கம்பளியைக் காலால் தள்ளி, ஈரக் கையால் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தாள்.

வெளிச்சம் அவளைத் தாண்டி உள்ளே போனது.

முதலில் மூடி, அப்புறம் கதவு. இருட்டறைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பெண்களிடம் அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அதுதான். மறந்தவர்களை அழவிட்டிருக்கிறாள். திரும்பிப் பார்த்தாள். மூடி சோப்புப் பலகைமேல் சாத்தி வைத்தபடி இருந்தது. வாளிக்குள் பிலிம் அவள் கண்ணெதிரிலேயே கறுத்துக்கொண்டு வந்தது. இனி மூடினாலும் ஒன்றுதான், மூடாவிட்டாலும் ஒன்றுதான். அவள் முன்னறைக்கு ஓடினாள்.

மகன் கட்டிலருகே மண்டியிட்டு அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். அண்ணனின் வாய் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. அவள் கையைப் பிடித்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ, திடீரென்று தொண்டைக்குள் ஒரு சத்தம் கேட்டது. நீண்ட மூச்சு ஒன்று உள்ளே போனது. இன்னொன்று. இன்னொன்று. கண் திறந்தது.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம், மருந்து சொட்டுகிற அவள் கையைப் பார்த்தார்.

“நீ ஏன் இங்க வந்தே?”

“மூச்சு நின்னுடுச்சுன்னான்ணா...”

“திரும்ப வந்துடுச்சுல்ல.” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இளைத்தார். “மூடி போட்டியா?”

“போட்டேன்.”

யோசித்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்த பிறகு எடுக்க முடியவில்லை.

“அப்ப போ. ஊறிக்கிட்டே இருக்கு பாரு. நேரம் தாண்டுனா வெளுத்துப் போயிடும்.”

“போகட்டும்ணா. கொஞ்ச நேரம் உங்ககூட உக்காந்துட்டு...”

“போ வௌவாலு!” அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு அதட்டல் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. “இவன் இருக்கான். நீ போ.”

“போங்க அத்தை, நான் பாத்துக்கறேன்” என்றான் மகன். நேற்றுவரை ‘கடைசி நேரத்துல இதெல்லாம் தேவையா’ என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவன். “ஸாரி அத்தை. பயந்துட்டேன்.”

அவள் போனாள். வேறென்ன செய்வது? குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கம்பளியை எடுத்து மறுபடி இடுக்கில் திணித்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. பொய் சொன்னால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

செத்த பிலிமுக்குப் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனோடு இருக்க வேண்டும் என்றுதானே கதவைத் திறந்தாள்? இப்போது பிலிமும் இல்லை, அண்ணன் பக்கத்திலும் இல்லை. வெளியே போய் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன செய்வார்? திட்டுவார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். திட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால்? இத்தனை வருஷம் ஃபிரிட்ஜில் காத்த முகத்தை நான் ஒரு நொடியில் அழித்துவிட்டேன் என்று போகிற நேரத்தில் அவர் காதில் எப்படிப் போடுவது? அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கையில் இருந்த மருந்து உதட்டில் கசந்தது.

கதவு தட்டும் சத்தம். “அத்தை, தண்ணி சத்தம் கேக்கலையேங்கிறாரு அப்பா. நேரம் ஆயிடுச்சாம்.”

படுத்தபடியே கணக்குப் பார்க்கிறார் டைம்கீப்பர். அவள் எழுந்து மருந்தைக் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்தாள். அண்ணனுக்குக் கேட்கட்டும் என்று முழுசாகத் திறந்துவிட்டாள். அதற்கப்புறம் வெளுக்கும் மருந்து. அதைக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர். ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்துக்குச் செய்தாள். வாளி தரையில் இடிக்கிற சத்தம், மருந்து கொட்டுகிற சத்தம், எல்லாம் முன்னறைக்குப் போய்ச் சேரும்படி செய்தாள். படத்தைத் திருப்ப வெளிச்சம் காட்ட வேண்டிய கட்டம் வந்ததும், நிஜமான பிலிமுக்குச் செய்வதுபோலவே பல்பை மாட்டி, கதவைச் சற்றே திறந்து கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டாள்.

கறுத்ததையெல்லாம் வெளுக்கும் மருந்து தின்றுவிட்டிருந்தது. வாளிக்குள் கழுவிய கண்ணாடித்தாள் போல ஒன்று கிடந்தது. ஒரு புள்ளி கிடையாது, ஒரு நிழல் கிடையாது.

“அத்தை,” மகன் கதவருகே வந்து குரலைத் தாழ்த்தினான். “விளக்கு போட்டாச்சான்னு கேக்கறாரு. அம்மா தெரியறாங்களான்னு கேக்கறாரு. சிரிக்கறாங்களான்னு...”

சிரிக்கிறார்கள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நாக்கு நுனிவரை வந்தது. ஆஸ்பத்திரியில் இப்படித்தான் இருட்டறைக்கு வெளியே நின்றுகொண்டு கேட்பார்கள், என்னம்மா தெரியுது, நல்லா இருக்கா என்று. ஒருநாளும் வாய் திறந்ததில்லை. மூடியைப் பற்றிச் சொன்ன பொய் தன்னுடைய பொய். அண்ணி சிரித்தார் என்று சொல்வது அப்படியில்லை. பார்க்காத முகத்துக்கு ஒரு சிரிப்பை ஒட்டவைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

“ஈரத்துல ஒண்ணும் தெரியாதுடா. காயணும்னு சொல்லு.”

மிச்சத்தையும் முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, காய்கிற பிலிமைத் தன் கண்ணில் படுகிற இடத்தில் தொங்கவிடச் சொன்னார் அண்ணன். அறைக்குள் வேண்டாம், தூசி ஒட்டும் என்றாள். பக்கவாட்டு ஜன்னல் வழியே சாய்வாகத் தெரிகிற கொல்லையின் கடைசியில் கட்டியிருந்த துணிக்கொடியில் மடித்து மடித்துப் போட்டு, கிளிப்பு மாட்டிவிட்டு வந்தாள். அந்தத் தூரத்துக்கு அது ஏதோ தொங்குகிறது என்று மட்டும்தான் தெரியும். அவர் தலையணையைச் சாய்த்து வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் காலெல்லாம் சில்லிட்டிருந்தது. நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

“காஞ்சுதா?”

“இன்னும் இல்லண்ணா.”

நல்ல வெயில். நல்ல காற்று. அந்த அகலத்துக்கு அது எப்போதோ காய்ந்திருக்கும்.

“நான் வேணா போய்ப் பாக்கட்டா?” என்று மகன் எழுந்தான்.

“தொடாதே! விரல் பட்டா அழிஞ்சிடும்.” அவள் குரல் உயர்ந்துவிட்டது. அவன் பயந்துபோய் உட்கார்ந்தான். ப்ரொஜெக்டரின் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்து அணைத்தான். வெள்ளை விரிப்பில் ஒரு சதுரம் வந்து போனது. அண்ணனின் கண்கள் அதன் பின்னால் போய்விட்டு ஜன்னலுக்குத் திரும்பின.

“காஞ்சுதா?”

“இன்னும் கொஞ்சம்ணா.”

மூச்சு மறுபடி விட்டு விட்டு வர ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்துக்கொண்டு தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. போயிடுண்ணா. அது இன்னும் ஈரமாக இருக்கும்போதே போயிடு. எந்தச் சாவைத் தவறவிடக் கூடாது என்று ஓடிவந்தாளோ, அதையே இப்போது வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன்னைப்போல் ஒரு பாவி உண்டா என்று தோன்றியது. ஆனாலும் கூப்பிடுவதை நிறுத்த முடியவில்லை.

வெயில் கொல்லைப் பக்கம் சாய்ந்தது. அண்ணன் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா மின்னுதே” என்றார்.

 படம் விழுந்த பிலிம் வெயிலில் அப்படி மின்னாது. வெளிச்சம் அதற்குள் நுழைந்து வர முக்கி முனக வேண்டும். எத்தனை சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கண் அது.

“ஈரம்ணா” என்றாள். “ஈரம் மின்னுது.”

“ம்.”

கொடியில் காற்று வந்து போனது. அண்ணன் கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தார். கொஞ்சநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையில் இருந்த அவர் விரல்கள் லேசாக அழுத்தினவா, இல்லை தானாகச் சுண்டினவா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

“இருக்கட்டும். அவசரப்பட்டு எடுத்துடாத” என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. இடைவெளி ஒன்று வந்தது. மூச்சு திரும்பியது. இன்னொரு இடைவெளி வந்தது. மகன் அத்தையின் முகத்தைப் பார்த்தான். அவள் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். எதிர்வீட்டில் யாரோ வண்டியைக் கிளப்பி, அது தெருமுனைவரை போகிற சத்தம் முழுதாகக் கேட்டது. அவள் எழுந்து அண்ணனின் கண்களை மூடினாள். தாடையைக் கையால் தாங்கிச் சேர்த்துவைத்தாள். மகன் அப்பாவின் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு சின்னப் பையன்போல் விசும்பினான். அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அப்புறம் அவள் செய்த முதல் காரியம், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனதுதான். அக்கம்பக்கம் வருவதற்குள் அதை எடுத்துவிட வேண்டும். கிளிப்புகளைப் பிடுங்கிவிட்டுப் பிலிமைக் கைக்குள் சுற்றினாள். வெயிலில் கிடந்து அது மொறுமொறுவென்று ஆகியிருந்தது. சுற்றச் சுற்றச் சருகுபோலச் சத்தம் போட்டது.

“அத்தை.”

மகன் பின்வாசல் படியில் நின்றுகொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கைக்கு வேலை தெரியாதவன்போல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“அப்பாதான் பாக்கல. நானாவது பாக்கறேன். அம்மா மூஞ்சின்னா பழைய படத்துல பாத்ததுதான், நேர்ல பாத்தது ஞாபகமே இல்ல அத்தை.”  “சிரிச்சாங்களா?”

அவள் கையைத் தோளுக்குக் கொண்டுபோய்த் துண்டை எடுத்தாள்.

“இரு கண்ணா. இன்னும் காயல” என்று சொல்லிவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றபடி அந்த பிலிமைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தாள்.